நெட்டிக்குள் மருந்து: வாசகர் கேள்விகள்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில், மருந்தைச் சுமந்து போகும் நுண்துளைப் பாலிமர் துகள்கள் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகளின் துளைகளில் மருந்தை அடைத்து, உடம்புக்குள் அது மெல்ல மெல்ல வெளிவரும்படி செய்வதுதான் சங்கதி. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. திருவையாற்றிலிருந்து வேதாரண்யம் வரை எழுதியிருக்கிறீர்கள். டெல்டாவின் அரசு மருத்துவமனை ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்ளே நின்றவள் நான். வெளியே வரிசையில் நின்றவர்கள் என்னிடம் கேட்டவை போலவேதான் இந்தக் கேள்விகளும் இருக்கின்றன. அதனால் இந்த முறை முழுப் பக்கமும் இதற்கே.

ஓட்டைப் பாத்திரத்தில் தண்ணீர் நிற்காது. துளை துளையாக இருக்கும் துகளில் மருந்து மட்டும் எப்படி நிற்கும் அம்மா?
— கல்லூரி மாணவி, மன்னார்குடி

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் நெட்டி மாலை கட்டுவீர்கள் அல்லவா? அந்த நெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நீர்நிலையில் வளரும் செடியின் தண்டு அது. மேல் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருக்கும், கனமே தெரியாது. தஞ்சாவூரில் இதை வைத்துத்தான் பெரிய கோயில் உருவம் எல்லாம் செய்கிறார்கள்.

போன பொங்கலுக்கு வாங்கியதில் சாயம் ஏறாத ஒரு துண்டு என் மேசை மேல் கிடந்தது. சுண்டுவிரலில் பாதி நீளம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அதன் வெட்டுவாயில் ஒரு சொட்டு நீல மை விட்டேன். மை மேலே முத்தாக நிற்கவில்லை, உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னும் நாலு சொட்டு விட்டேன், அதையும் வாங்கிக்கொண்டது. கொஞ்சம் காயவிட்டு, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் பிடித்து அதில் போட்டேன். மிதந்தது. முதல் நிமிஷம் நீலம் நூல் நூலாக வேகமாய் இறங்கியது. அப்புறம் வேகம் குறைந்துவிட்டது. ராத்திரி படுக்கப் போகும்போது தண்ணீர் வெளிர் நீலம். காலையில் எழுந்து பார்த்தால் துண்டுக்குள் இன்னும் நீலம் இருந்தது.

உங்கள் கேள்விக்கு இதுதான் பதில். பாத்திரத்து ஓட்டை ஒன்றே ஒன்று, பெரியது. அதன் வழியே எல்லாம் ஒழுகிவிடும். நெட்டியில் இருப்பதோ எண்ண முடியாத சின்னச் சின்ன அறைகள். சுவரோடு ஒட்டிக்கொள்ள மைக்கு இடம் நிறைய உண்டு, வெளியே வர வழி குறுகல். முதல் நிமிஷம் வேகமாக இறங்கியதே, அது மேல்பரப்பில் ஒட்டியிருந்த மை. மருந்துத் துகளிலும் இது அப்படியே நடக்கும். போட்டவுடன் ஒரு பங்கு மருந்து குபீரென்று வெளியேறும், மிச்சம் மெதுவாக வரும். அந்த முதல் குபீரை அடக்குவதுதான் இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தீராத வேலை. துளை பெரிதானால் மருந்து நிறைய ஏறும், ஆனால் சீக்கிரம் கொட்டிவிடும். சிறிதானால் நின்று நிதானமாக வரும், ஆனால் ஏற்றுவது கஷ்டம்.

இப்போது அளவைப் பாருங்கள். ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். நாம் பேசும் துகள் 100, 200 நானோமீட்டர். ஒரு முடியின் குறுக்கே 100 நானோமீட்டர் துகள் எண்ணூறை வரிசையாக நிறுத்தலாம்.

இவ்வளவு சின்னதாக்கினால் என்ன லாபம்? ஒரு சென்டிமீட்டர் கனச்சதுரக் கட்டிக்கு ஆறு முகம், மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 100 நானோமீட்டர் கட்டிகளாக நறுக்கினால் மொத்தப் பரப்பு 60 சதுர மீட்டர் ஆகிவிடும். நம் தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு குழிக்கு 144 சதுர அடி. அப்படியானால் ஒரு சர்க்கரைக் கட்டி அளவுப் பொருளுக்குள்ளிருந்து கிட்டத்தட்ட நாலரைக் குழி நிலம் விரிகிறது! துளைகளின் உட்சுவர் இந்தக் கணக்கில் சேரவில்லை.

துளையை எப்படிப் போடுகிறார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பல வழி உண்டு. எனக்குப் பிடித்தது அம்மோனியம் பைகார்பனேட் வழி. பாலிமரை டைகுளோரோமீத்தேன் போன்ற ஒரு கரைப்பானில் கரைத்து, இந்த உப்பு கரைந்த நீரை அதில் பொடிப்பொடித் துளிகளாகக் கலக்கி அடிப்பார்கள். அந்தக் கலவையை இன்னொரு நீர்க் கரைசலில் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தால் கரைப்பான் ஆவியாகிப் பறந்து, பாலிமர் உருண்டு உருண்டு கெட்டிப்படும். உள்ளே மாட்டிய உப்பு அம்மோனியாவும் கரியமில வாயுவுமாகப் பிரிந்து வெளியேறும். வாயு இருந்த இடமெல்லாம் துளை. புளித்த மாவில் ஆப்பம் ஊற்றும்போது நடுவில் கண் கண்ணாக வருகிறதே, அதே கதைதான். இந்த முறை நானோவைவிடக் கொஞ்சம் பெரிய, மைக்ரோ அளவுத் துகள்களுக்கே அதிகம் பயன்படுகிறது.

துகளை முதலில் செய்துவிட்டு மருந்தை அப்புறம் ஊறவைக்கலாம் என்பது துளையின் இன்னொரு நன்மை. புரத மருந்துகள் மென்மையானவை. கரைப்பானிலும், கலக்கி அடிக்கிற அந்த வேகத்திலும் சிக்கினால் கெட்டுப்போகும். செய்து முடித்த துகளில் ஊறவைத்தால் அந்தப் பாடு அவற்றுக்கு இல்லை.

நானோ யூரியா என்று பாட்டிலில் கொடுக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?
— விவசாயி, ஒரத்தநாடு

இல்லை ஐயா. நானோ என்பது அளவின் பெயர், பொருளின் பெயர் இல்லை. அந்தப் பாட்டிலைப் பற்றி ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். அது அவர்களுக்குத் தெரிந்த விஷயம்.

ஆனால் உங்கள் கேள்வி எனக்கு என் அப்பாவை ஞாபகப்படுத்திவிட்டது. மேலுரம் போடுவதற்கு முந்தின ராத்திரி, திண்ணையில் சாக்கை விரித்து, யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம் பிண்ணாக்கு ஒரு பங்கு என்று கலந்து குவித்து மூடி வைப்பார். விடிந்ததும் வயலுக்குப் போகும். வெறும் யூரியாவைத் தூவினால் பாதி சத்து காற்றோடும் தண்ணீரோடும் போய்விடும், பிண்ணாக்கு சேர்ந்தால் நின்று பயிருக்குப் போகும் என்பார். 2015-லிருந்து நாட்டில் விற்கும் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசித்தான் வர வேண்டும் என்று அரசே ஆக்கிவிட்டது. உரம் அதே உரம்தான், கொடுக்கும் விதம் மட்டும் மாறியது. நான் முப்பத்திரண்டு வருடம் மருந்தில் பார்த்ததும் இதையேதான்.

என் வீட்டுக்காரர் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் விழுங்கச் சிரமப்படுகிறார். பத்து நாளைக்கு ஒரு தடவை எடுத்துக்கொள்கிற மருந்து வரப்போகிறது என்று சொல்கிறார்களே, அதற்காகக் காத்திருக்கலாமா?
— வாசகி, பாபநாசம்

காத்திருக்கக் கூடாது அம்மா. இன்றைய மாத்திரையை இன்றே சாப்பிட வேண்டும். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

நீங்கள் கேள்விப்பட்டது பொய் இல்லை. சண்டிகரில் உள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில், ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைட் மூன்றையும் பிஎல்ஜி என்ற பாலிமரின் நானோ துகளில் அடைத்து, புகைபோல மூச்சில் இழுக்க வைத்துப் பார்த்தார்கள். 2003-ல் வெளியான ஆய்வு. காசநோய்க் கிருமி ஏற்றிய கினிப்பன்றிகளுக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவை, ஐந்தே தடவை கொடுத்ததில் நுரையீரலில் கிருமி தென்படவில்லை. அதே பலனுக்கு வாய்வழி மருந்து 46 நாள், தினமும், கொடுக்க வேண்டியிருந்தது. இதை முதலில் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நம் நாட்டுக்காரர்கள், நம் நாட்டு நோய்க்காகச் செய்த வேலை!

ஆனால் அது கினிப்பன்றி. மனிதருக்கான சிகிச்சையாக அது இன்னும் கைக்கு வரவில்லை. ஆய்வுக்கூடத்தில் கிராம் கணக்கில் செய்வதைத் தொழிற்சாலையில் கிலோ கணக்கில், ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக, கிருமி படாமல், கரைப்பான் மிச்சம் தங்காமல் செய்தாக வேண்டும். அப்புறம் மனிதர்களிடம் படிப்படியாகச் சோதனை. எல்லாவற்றுக்கும் காலமும் பணமும் வேண்டும்.

காசநோய் மாத்திரை ஏன் ஆறு மாதம், ஏன் முதல் இரண்டு மாதம் நாலு மருந்து, அடுத்த நாலு மாதம் மூன்று மருந்து என்று ஜன்னலில் நின்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். மருந்து தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறதென்று பயந்து ஓடி வருவார்கள். அது ரிஃபாம்பிசினின் நிறம், பயம் வேண்டாம் என்று சொல்லி அனுப்புவேன். இரண்டு மாதத்தில் இருமல் நின்று, உடம்பு தேறி, நடவு வேலையும் வந்துவிட்டால் சிலர் வருவதே இல்லை. ஒரு வருடம் கழித்து அவர்களில் சிலரை மறுபடி பார்த்திருக்கிறேன், கன்னம் ஒட்டி, சாதாரண மருந்து கேட்காத நிலையில். அந்த முகங்களுக்காகத்தான் இந்தத் துகள் ஆராய்ச்சி சீக்கிரம் பலிக்க வேண்டும் என்று தவிக்கிறேன்.

விழுங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள், வழி சொல்வார்கள். நீங்களாக நாள் விட்டு நாள் கொடுக்க வேண்டாம். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் நிக்ஷய் திட்டத்தில் வங்கிக் கணக்குக்கு வரும். வரவில்லை என்றால் காசநோய்ப் பிரிவில் கேளுங்கள்.

நானோ மருந்து புற்றுக்கட்டிக்கு மட்டும் போகும், வேறெங்கும் போகாது என்கிறார்களே, உண்மையா? அம்மாவுக்குக் கீமோ நடக்கிறது.
— வாசகர், கும்பகோணம்

மட்டும் என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

முதலில் என் அக்கா கதை. மார்பகப் புற்றுக்கு அவளுக்கு பேக்லிடாக்செல் ஏற்றினார்கள். இந்த மருந்து தண்ணீரில் கரையாது. அதனால் ஆமணக்கு எண்ணெயிலிருந்து செய்யும் ஒரு பொருளையும் ஆல்கஹாலையும் சேர்த்துக் கரைத்துக் கொடுப்பார்கள். அந்த எண்ணெய்ப் பொருள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் ஸ்டீராய்டும் அலர்ஜி மருந்தும் முன்கூட்டியே போடுவது வழக்கம். அன்று அதை வேளையோடு போடவில்லை. ட்ரிப்ஸ் ஏறிப் பத்து நிமிஷம் இருக்கும். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் செம்பருத்தி மாதிரி சிவந்திருந்தது, மூச்சு இழுத்தது. நல்லவேளை, பக்கத்தில் நின்ற செவிலியர் சட்டென்று நிறுத்தினார். மருந்து போட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மெதுவாக மறுபடி ஏற்றினார்கள். அக்காவைத் துன்புறுத்தியது பெரும்பாலும் மருந்து இல்லை, மருந்தைச் சுமந்து வந்தது. சின்ன வயதில் எங்களுக்கு விளக்கெண்ணெய் கொடுத்துக் குடல் கழுவிய அதே ஆமணக்கின் வாரிசு.

2005-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு மருந்து இதே பேக்லிடாக்செலை அல்புமின் என்ற புரதத்தோடு கட்டி, சுமார் 130 நானோமீட்டர் துகளாகக் கொடுக்கிறது. ஆமணக்குப் பொருள் வேண்டாம். இது நுண்துளைப் பாலிமர் இல்லை என்றாலும், சுமக்கும் வண்டியை மாற்றினால் எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்கு வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்வி. கட்டி அவசர அவசரமாக வளரும். அதன் ரத்தக்குழாய்கள் நண்டு வளை விழுந்த வரப்பு மாதிரி, அங்கங்கே ஒழுகும். 100 நானோமீட்டர் துகள் அந்த வளை வழியாக உள்ளே போய்விடும். கட்டிக்குள் வடிகாலும் சரியாக இருக்காது, அதனால் போனது தேங்கும். மட்சுமுரா, மயேடா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1986-ல் சொன்னது இது. கேட்க மிகவும் நன்றாக இருக்கிறது.

ஆனால் டெல்டாவில் பிறந்த நமக்குத் தெரியாதா, திறந்துவிட்ட தண்ணீர் எல்லாம் கடைமடைக்கு வந்து சேர்வதில்லை என்று? ரத்தத்தில் விட்ட துகளுக்கு ஈரலும் மண்ணீரலும் தலைமடை. அன்னியப் பொருளைப் பிடித்து விழுங்கும் செல்கள் அங்கே காத்திருக்கும். கட்டியோ கடைமடை. பத்து வருட விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016-ல் ஒரு கணக்கு வந்தது: போட்ட நானோ துகளில் கட்டிக்குப் போய்ச் சேர்ந்தது, நடுமதிப்பாக, 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை.

தலைமடையை ஏமாற்ற வழி தேடுகிறார்கள். 1994-லேயே, துகளின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைப் புல் மாதிரி முளைக்கவிட்டால் ஈரல் அவ்வளவு சீக்கிரம் அடையாளம் காணாது என்று காட்டினார்கள். அதனால் ரத்தத்தில் கூடுதல் நேரம் சுற்றும். அமிலத்தன்மை கூடிய இடத்தில் மட்டும் திறக்கும் துகள், கட்டியின் செல்லைத் தேடி ஒட்டும் துகள் என்றெல்லாம் வேலை நடக்கிறது.

அப்படியானால் இன்று கடையில் இருக்கும் நானோ கீமோ வீணா என்றால், இல்லவே இல்லை. 1995-ல் வந்த, கொழுப்புக் குமிழில் அடைத்த டாக்சோரூபிசின், பழைய டாக்சோரூபிசினைவிட இதயத்துக்குக் குறைந்த கெடுதல் செய்கிறது. பக்கவிளைவைக் குறைப்பதே இன்றைய பெரிய லாபம். உங்கள் அம்மாவுக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரே சொல்ல முடியும். ஒன்று மட்டும் செய்யுங்கள். ட்ரிப்ஸ் தொடங்கும் முன், "முன்மருந்து போட்டாச்சா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். தொடங்கிய முதல் கால் மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள்.

பாலிமர் என்றால் பிளாஸ்டிக்தானே? கடலில் கிடக்கும் பிளாஸ்டிக்கே மக்க மாட்டேன் என்கிறது. அதை உடம்புக்குள் விடுவதா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், வேதாரண்யம்

நியாயமான கவலை சார். பாலிமர் என்றால் ஒரே மாதிரிக் கண்ணிகள் கோத்த சங்கிலி. அரிசி மாவில் இருக்கும் ஸ்டார்ச்சும் பாலிமர், பருத்தியும் பாலிமர். எந்தக் கண்ணி, எந்தக் கோர்ப்பு என்பதில்தான் விஷயம்.

இந்தத் துறையில் அதிகம் புழங்கும் பிஎல்ஜிஏ (காசநோய்க் கேள்வியில் பிஎல்ஜி என்றேனே, அதேதான்), லாக்டிக் அமிலமும் கிளைக்காலிக் அமிலமும் கோத்த சங்கிலி. உடம்பின் தண்ணீரே கோர்ப்பை மெல்ல அவிழ்த்துவிடும். லாக்டிக் அமிலம் தயிரில் இருப்பது, ஓடினால் நம் தசையிலும் ஊறுவது. கடைசியில் அது கரியமில வாயுவும் தண்ணீருமாகப் போய்விடும். அறுவை சிகிச்சையில் பிரிக்க வேண்டாத தையல் போடுகிறார்களே, அதுவும் இந்தக் குடும்பம்தான். 1974-லிருந்து புழக்கத்தில் உள்ள அந்த நூல் சுமார் 56 முதல் 70 நாளில் உடம்போடு கரைந்துவிடும். புராஸ்டேட் புற்றுக்கு மாதம் ஒரு ஊசியாகப் போடும் லியூப்ரோலைடு, இதே வகைப் பாலிமரின் மைக்ரோ உருண்டையில் 1989-லேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றுவிட்டது. இது நேற்று முளைத்த கனவு இல்லை.

ஆனால் பாலிஸ்டைரீன் போல அவிழாத பாலிமரில் துகள் செய்தால் நீங்கள் பயப்படுவதில் அர்த்தம் உண்டு. சிறுநீரகத்தின் வடிகட்டி ஐந்தாறு நானோமீட்டருக்கு மேல் விடாது. 100 நானோமீட்டர் துகள் உடைந்தால்தான் வெளியே போகும். ஆகவே "நானோ துகள் நல்லதா?" என்று கேட்பதைவிட "எந்தப் பாலிமர், எத்தனை நாளில் அவிழும்?" என்று கேட்பதே சரி.

எனக்கு 61 வயது. இன்சுலின் ஊசி போட்டுப் போட்டு வயிறு தடித்துவிட்டது. மூச்சில் இழுக்கிற இன்சுலின் வராதா?
— வாசகி, மயிலாடுதுறை

நுண்துளைத் துகள் கதையிலேயே அழகான அத்தியாயம் இது. நுரையீரலின் அடிவரை போக வேண்டுமென்றால் துகள் மிகச் சிறியதாக இருக்க வேண்டும் என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். சிறியவற்றையோ அங்கே காவல் இருக்கும் செல்கள் விழுங்கிவிடும். 1997-ல் டேவிட் எட்வர்ட்ஸ், ராபர்ட் லாங்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர்களின் குழுவினர் வேறு மாதிரி யோசித்தார்கள். துகள் பெரிதாகவே இருக்கட்டும், 5 மைக்ரோமீட்டருக்கு மேல், அதாவது 5,000 நானோமீட்டருக்கு மேல். ஆனால் உள்ளே துளை துளையாக்கி எடையைக் குறைத்துவிடுவோம். நெட்டியும் கூழாங்கல்லும் ஒரே பருமன் என்றாலும் காற்று நெட்டியைத்தானே தூக்கிப் போகும்? அந்தத் துகளில் இன்சுலின் வைத்து எலிகளுக்குக் கொடுத்தபோது 96 மணி நேரம் சர்க்கரை அடங்கியிருந்தது. துளையில்லாத சிறு துகளில் வெறும் 4 மணி நேரம்.

அந்தத் துகள் அப்படியே கடைக்கு வரவில்லை. வேறு வகைத் துகளில் செய்த மூச்சு இன்சுலின் 2014-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது சாப்பாட்டு வேளைக்கு மட்டும். நாள் முழுவதுக்குமான இன்சுலின் தேவைப்படுபவர்கள் அதற்கு ஊசி போட்டே ஆக வேண்டும். ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு ஆகாது.

வயிறு தடிப்பதற்கு இன்றைக்கே வழி உண்டு. ஒரே இடத்தில் போடாதீர்கள். நேற்று தொப்புளுக்கு வலது பக்கம் என்றால் இன்று இடது பக்கம், அடுத்த வாரம் தொடை. ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். தடித்த இடத்தில் வலிக்காது என்று அங்கேயே குத்துகிறீர்கள் என்றால் உடனே நிறுத்துங்கள், அங்கே மருந்து சரியாக உறிஞ்சப்படாது. இடம் மாற்றும்போது சர்க்கரை இறங்கலாம், அதனால் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நானோ மஞ்சள் தூள் விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
— வாசகர், நாகப்பட்டினம்

மஞ்சளில் இருக்கும் குர்க்குமின் என்ற பொருள் உடம்பில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை என்பது உண்மை. அதை நானோ துகளில் அடைத்து ஆராய்கிறார்கள் என்பதும் உண்மை. டப்பாவில் நானோ என்று அச்சடித்திருப்பதாலேயே அந்த ஆராய்ச்சி டப்பாவுக்குள் இருக்கிறது என்று ஆகிவிடாது. குழம்புக்கு வீட்டு மஞ்சள் போதும். நோய்க்கு என்றால் அந்தப் பணத்தை மருத்துவரிடம் போகும் பஸ் டிக்கெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். சென்ற மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு இதைத்தான் படிப்பேன் என்கிறாள். எங்கே படிப்பது?
— தாய், திருவையாறு

அவளுக்கு என் முத்தம். வெகுதூரம் போக வேண்டாம். இயற்பியல், வேதியியலோடு உயிரியலோ கணிதமோ எடுத்திருந்தால் பி.பார்ம் சேரலாம். வேதியியல் பட்டம் வழியாகவும் வரலாம், உயிரித் தொழில்நுட்பம் வழியாகவும் வரலாம். தஞ்சாவூருக்குப் பக்கத்திலேயே, திருமலைசமுத்திரத்தில் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில், நானோ தொழில்நுட்பத்துக்கும் உயிரிப் பொருட்களுக்குமாக ஒரு ஆய்வு மையம் இயங்குகிறது.

அதுவரை அவளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு நெட்டி மாலை வாங்கும்போது சாயம் போடாத துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஐந்து சொட்டு மை, ஒரு டம்ளர் தண்ணீர். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நிறத்தைப் பார்த்து நோட்டில் குறிக்கட்டும். அடுத்த துண்டை, மை ஊறிய பிறகு, உருக்கிய மெழுகில் ஒரு முக்கு முக்கி எடுத்துவிட்டு அதே சோதனையைச் செய்யட்டும். இரண்டு கணக்கையும் இந்தப் பத்திரிகை முகவரிக்கு அவளே எழுதி அனுப்பட்டும். அடுத்த மாதம் இங்கே போடுகிறேன்.